கையிலே இருக்கிற தொழில்

(ராயகிரியில் ஒளிப்பதிவான சுழலும் சொல்லரங்கம். தலைப்பு: ‘மூத்த கணினிப் பொறியாளரின் வாழ்விலே விஞ்சி நிற்பது தொழிலா? ஆராய்ச்சியா? படைப்பா?’ ‘தொழிலே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

ஆராய்ச்சி அணியிலே கனமாகவும், படைப்பு அணியிலே இனிப்பாகவும் பேசி அமர்ந்திருக்கின்ற நண்பர்களே! மேற்கு மலைக் காற்றை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை மடியிலே தூங்கப் போட்டுக்கொண்டு, இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கின்ற ராயகிரிப் பெருமக்களே! தாய்மார்களே!

நடுவர் என்னைக் கூப்பிடும்போதே ஒரு குத்து குத்திவிட்டுத்தான் கூப்பிட்டார். “தமிழ்ப் பேராசிரியர், படைப்புக்குப் பேசுவார் என்று பார்த்தேன். போயும் போயும் தொழிலுக்குப் பேச வந்திருக்கிறாரே” என்றார். ஐயா, பாடம் சொல்லிக் கொடுப்பது என் தொழில். மாசம் பிறந்தால் சம்பளம் வரும். அந்தச் சம்பளத்திலேதான் கம்பனையும் வாங்கினேன், இளங்கோவையும் வாங்கினேன். கடன் சொல்லி யாரும் எனக்குக் கம்பராமாயணம் கொடுக்கவில்லை. (சிரிப்பு)

படைப்பு அணியிலே பேசிய சகோதரியார், எழுத்தாளர் சுஜாதாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையிலே நிறுத்தினார். அதற்குத் துணையாக நம்ம சங்கரன்கோவில் சங்கரநாராயணரையும் அழைத்தார். “ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். சுஜாதாவும் அப்படித்தான். ஒரு பாதி பொறியாளர், ஒரு பாதி எழுத்தாளர். அந்த எழுத்தாளர் பாதிதான் நிலைத்தது” என்றார். நல்ல கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

அம்மா, ஆடித்தபசுக்குப் போறீங்க. மாலையை வாங்கி, “இந்தப் பாதிக்கு மட்டும் போடுங்க, அந்தப் பாதி வேண்டாம்”னு அர்ச்சகர்கிட்ட சொல்ல முடியுமா? கோமதி அம்மன் தவம் இருந்ததே அந்த இரண்டையும் ஒரே உருவிலே பார்க்கத்தானே! வெட்டிப் பார்ப்பதற்கா தவம் இருந்தாள்? (கைதட்டல்)

சரி, நீங்கள்தான் வெட்டினீர்கள். வெட்டிப் போட்ட அந்த இன்னொரு பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாதிக்குப் பெயர் ரங்கராஜன்.

1935-லே திருவல்லிக்கேணியிலே பிறந்தார். ஸ்ரீரங்கத்திலே வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலே பௌதிகம். அப்புறம் அப்துல் கலாம் படித்த அதே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலே மின்னணுவியல். விமானப் போக்குவரத்துத் துறையிலே உத்தியோகம் பார்த்துவிட்டுப் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போனார். குமுதத்திலே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததாலே இவர் மனைவி பெயரிலே எழுதினார். அதனால் நாம் எல்லாரும் அவரை அவர் வீட்டம்மா பெயரிலேதான் தெரிந்து வைத்திருக்கிறோம். எத்தனை ஆம்பளைக்கு அந்தப் பாக்கியம்! (சிரிப்பு)

இப்போது ஒரு சின்னக் கணக்கெடுப்பு. காமிராக்காரத் தம்பி, கொஞ்சம் கூட்டத்துப் பக்கம் திருப்பு. ‘என் இனிய இயந்திரா’ நாவலைப் படித்தவர்கள் கை தூக்குங்கள். கூச்சப்படாதீங்க... பத்துக் கை, பன்னிரண்டு கை. அங்கே வேப்ப மரத்தடியிலே ஒரு கை. சந்தோஷம். கீழே போடுங்க. அடுத்த கேள்வி. ஒரு தடவையாவது ஓட்டுப் போட்டவர்கள் கை தூக்குங்க!

(கூட்டம் முழுவதும் கை உயர்கிறது. பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, அவ்வளவுதான் என் வாதம். உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஏழு நிமிஷம் மிச்சம் இருக்கிறது. விடுவேனா? (சிரிப்பு)

நீங்கள் எல்லாரும் அழுத்திய அந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஒருத்தர் செய்தது இல்லை. ஊர் கூடி இழுத்த தேர் அது. ஹைதராபாத்திலே இ.சி.ஐ.எல். என்ற அரசு நிறுவனம் 1979-லே முதல் மாதிரியைச் செய்தது. பெங்களூரிலே பாரத் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்துகொண்டது. அங்கே அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வை பார்த்தவர் நம்ம ரங்கராஜன். “அவர் மின்னணுப் பொறியாளர்தானே, மென்பொருள்காரர் இல்லையே” என்று ஆராய்ச்சி அணி முணுமுணுக்கிறது, காதிலே விழுகிறது. அந்தப் பெட்டிக்குள்ளே பாதி மின்சுற்று, பாதி கட்டளை. கட்டளை சரியாக இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

என்ன கட்டளை தெரியுமா? இந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி ஓட்டுப் போடப் போகிறாள். படிக்கத் தெரியாது. சின்னம் தெரியும். சின்னத்துக்கு நேரே ஒரு பட்டன். அழுத்தினால் பக்கத்திலே சிவப்பு விளக்கு எரியணும். காதுக்குக் கேட்கிற மாதிரி ‘பீப்’ என்று சத்தம் வரணும். அப்போதுதான் ஓட்டு விழுந்தது என்று அவள் நம்புவாள். நம் ஆட்கள் ஒரு தடவை அழுத்தினால் திருப்திப்படுவார்களா? லிப்ட் பட்டனையே ஏழு தடவை அழுத்துகிற ஜாதி நாம். (சிரிப்பு) தாத்தா ஆசையிலே பத்துத் தடவை அழுத்துவார். முதல் அழுத்தலோடு பெட்டி பூட்டிக்கொள்ளணும். மேசையிலே இருக்கிற அலுவலர் அடுத்த ஆளுக்கு மறுபடி திறந்து விட்டால்தான் திறக்கணும். கரண்ட் போனாலும் வேலை நடக்கணும், அதனால் பேட்டரி.

இன்னொன்று கேளுங்கள். ஓட்டுச் சீட்டுக் காலத்திலே நாலு முரட்டு ஆள் பூத்துக்குள்ளே புகுந்தால், கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியிலே திணித்துவிட்டுப் போய்விடுவான். இந்த இயந்திரத்திலே நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் பதியாதபடி கட்டளை எழுதினார்கள். நீ அருவா கொண்டு வா, ஆள் கொண்டு வா. பெட்டி அதன் வேகத்திலேதான் வாங்கும். அதுக்குள்ளே போலீஸ் வந்துரும்! (கைதட்டல்)

இதிலே எங்கேயாவது ஒரு வரி கவிதை இருக்கிறதா? கிடையாது. ஆனால் பாட்டியை நினைத்திருக்கிறான், தாத்தாவை நினைத்திருக்கிறான், ரௌடியையும் நினைத்திருக்கிறான். இதைவிட மனுஷனைப் படித்த கதாசிரியன் யார்?

அப்படிச் செய்த இயந்திரம் என்ன பாடு பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1982 மே மாதம், கேரளாவிலே பரவூர் சட்டமன்றத் தொகுதி. 50 வாக்குச்சாவடியிலே முதன்முதலாக வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டிலே ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். 1984-லே உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்டத்திலே இதற்கு இடமில்லை. இயந்திரம் சரியா தப்பா என்பது வேறு, சட்டம் அனுமதிக்கவில்லை. அந்த 50 சாவடியிலும் சீட்டு வைத்து மறுபடியும் தேர்தல் நடந்தது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார்! தோற்றவர் இயந்திரத்தைத் திட்டுவது அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கும் நிற்கவில்லை. (சிரிப்பு) நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தேகப்படுவது குடிமகனுடைய உரிமை. அந்தச் சந்தேகத்தினாலேதான் பட்டனை அழுத்தினதும் ஏழு விநாடி சீட்டைக் காட்டுகிற பெட்டியை 2013 முதல் சேர்த்தார்கள்.

1988 டிசம்பரிலே நாடாளுமன்றத்திலே சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் உடனே வரவில்லை. 1998 நவம்பரிலே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி மூன்றிலும் சேர்த்து 16 சட்டமன்றத் தொகுதியிலே வைத்துப் பார்த்தார்கள். 2001-லே நம் தமிழ்நாடு முழுக்க. 2004-லே நாடு முழுக்க, 543 நாடாளுமன்றத் தொகுதிகளிலும்.

கணக்குப் போடுங்கள். 1982 முதல் 1998 வரை பதினாறு வருஷம்! அந்தப் பதினாறு வருஷத்திலே எழுத்தாளர் சுஜாதா எங்கே இருந்தார்? ஆனந்த விகடனிலே ‘என் இனிய இயந்திரா’, ஜூனியர் விகடனிலே ‘ஏன் எதற்கு எப்படி’, 1992-லே ‘ரோஜா’ படத்துக்கு வசனம். தமிழ்நாடே கொண்டாடியது. அந்தக் காலம் முழுக்கப் பொறியாளர் ரங்கராஜன் பார்த்த வேலை கிடங்கிலே தூசி படிந்து கிடந்தது. கைதட்டல் வாங்கின பாதிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கைதட்டல் இல்லாத பாதி காத்திருந்தது. 2008 பிப்ரவரி 27-ஆம் தேதி அவர் மறைந்தபோது ஊரெல்லாம் எழுத்தாளர் மறைந்தார் என்றுதான் அழுதது. நானும் அப்படித்தான் துக்கப்பட்டேன். ஆனால் இன்றைக்கும் தேர்தல் அன்று காலையிலே இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலே ‘பீப்’ என்று சத்தம் கேட்கிறது பாருங்கள், அதிலே அவர் பெயர் கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

சரி, தமிழ்ப் பேராசிரியரிடம் தமிழே காணோமே என்று தேடுகிறீர்கள். வருகிறேன்.

சங்கப் புலவர்கள் பெயரைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி, இன்றைக்கு மேடையிலே நடக்கிறதே அது இல்லை! (சிரிப்பு) ஜவுளிக் கடைக்காரர். மருத்துவன் தாமோதரனார், வைத்தியர். மதுரைப் பெருங்கொல்லன், உலைக்களத்து மனுஷன். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், சிவகாசிக்குப் பக்கத்திலே நம்ம திருத்தங்கல்தான் அந்தத் தங்கால் என்று சொல்வார்கள். தொழில் முன்னாலே, பெயர் பின்னாலே! பாட்டு எழுதினவன் எவனும் கடையை மறைக்கவில்லை. “நான் நகை செய்கிறவன், பாட்டும் எழுதுவேன்” என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

இதைச் சொன்னால் சகோதரியார் மடக்குவார். “மணிமேகலை எழுதிய சாத்தனார் கூல வாணிகர்தான். அவர் விற்ற தானியம் எங்கே? மணிமேகலைதானே நிற்கிறது” என்பார். கேட்க வேண்டிய கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன். மணிமேகலை எதைப் பற்றிய கதை? பசியைப் பற்றிய கதை! அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியின் கதை. ஐம்பெருங்காப்பியத்திலே பசிக்கென்று ஒரு காப்பியத்தைச் செய்தவன் யார் என்று பார்த்தால், காலையிலிருந்து ராத்திரி வரை நெல்லும் வரகும் அளந்து போட்ட வியாபாரி. படியோடு வந்து நிற்கிற முகத்தைத் தினம் பார்த்தவன். கடையிலே உட்காராமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்தப் பாத்திரம் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்பது என் கட்சி. சுஜாதாவின் சின்னச் சின்ன வாக்கியம் இருக்கிறதே, ஒரு சொல் கூடினாலும் வெட்டிவிடுவார், அதுவும் ஆபீசிலே கற்ற பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள். பட்டிமன்றத்திலே நிரூபணம் கேட்டால் பாதிப் பேருக்குப் பிழைப்பு போய்விடும். (சிரிப்பு)

அடுத்து ஆராய்ச்சி அணி. அவர்கள் உள்ளூர் ஆளைப் பிடித்தார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலே இருக்கிற ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு. “2025 ஜனவரியிலே தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை விட்டுவிட்டு முதன்மை விஞ்ஞானியாகப் போனார். தொழிலைவிட ஆராய்ச்சி பெரிது என்று அவரே காட்டிவிட்டார்” என்றார் நண்பர்.

நண்பரே, நாற்காலியை விட்ட தேதியைச் சொன்னீர்கள், ஆரம்பித்த தேதியைச் சொல்லவில்லையே! 1994-லே அமெரிக்காவிலே பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம். ஆராய்ச்சிதான் பெரிது என்றால் அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்திலே உட்கார்ந்திருக்கலாம். 1996-லே அட்வென்ட்நெட் என்று ஒரு கம்பெனி. அதுதான் பின்னாலே ஜோஹோ ஆனது. நெட்வொர்க்கைப் பராமரிக்கிற மென்பொருளை எழுதி விற்றார்கள். கடைக்காரன் கணக்கு எழுத, ஆபீசிலே கடிதம் அனுப்ப, இதுக்கெல்லாம் மென்பொருள் செய்து விற்றார்கள். 2011-லே தென்காசிக்கு வந்தார்கள். இத்தனை வருஷம் விற்ற பிறகுதான் முதன்மை விஞ்ஞானி என்ற நாற்காலி. நம்ம புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரரைக் கேளுங்கள். கிணற்றிலே தண்ணீர் ஊறாமல் பாத்தி கட்டுவாரா? ஆராய்ச்சி பாத்தி, தொழில் கிணறு. இதற்கு மேலே இந்த அணிக்குப் பதில் தேவையில்லை.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆகிவிடுவேன். படைப்பு அணியிலே கடைசியாகப் பேசிய இளைஞர், குரல் தழுதழுக்கச் சொன்னார். “2025 ஜூலையிலே டி.சி.எஸ். கம்பெனி பன்னிரண்டாயிரம் பேருக்கு மேலே அனுப்பப் போவதாக அறிவித்தது. நூற்றுக்கு இரண்டு பேர். அதிலும் நடுத்தர நிலையிலும் மூத்த நிலையிலும் இருப்பவர்கள்தான் அதிகம். உங்கள் தொழில் அவர்களைக் கைவிட்டதே! எழுதத் தெரிந்தவனுக்கு அந்தப் பயம் இல்லையே!” என்றார். கூட்டத்திலே பல பேர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். இங்கே இருக்கிற எத்தனையோ வீட்டிலிருந்து பிள்ளை சென்னையிலே, பெங்களூரிலே இருக்கிறான். ராத்திரி போன் வந்தால் “வேலை எப்படிப்பா இருக்கு?” என்று கேட்கிறதுக்கே அம்மாவுக்கு நடுக்கம். வயது ஐம்பது, தலை நரைச்சாச்சு, மக காலேஜிலே படிக்கிறா, வீட்டுக் கடன் பாதிதான் அடைஞ்சிருக்கு. அவனைப் போய் “கதை எழுது, மனசு ஆறும்” என்று சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. தம்பி, எழுதுகிறவனுக்குப் பயம் இல்லை என்கிறீர்களே, எழுதிப் பிழைக்க முடியாமல் இருமி இருமிச் செத்தவர்களுடைய சரித்திரம்தானே ஐயா பாதித் தமிழ் இலக்கியச் சரித்திரம்! அதைப் பாடமாக நடத்துகிறவன் நான். (கைதட்டல்)

நான் சொல்வது இதுதான். உத்தியோகம் வேறு, தொழில் வேறு. உத்தியோகம் கம்பெனி கொடுப்பது. கழுத்திலே ஒரு அட்டையை மாட்டும், நாளைக்கே கழற்றியும் கொள்ளும். அதற்குக் கோபப்படலாம், சங்கம் வைத்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தொழில் கையிலே இருப்பது. இருபத்தைந்து வருஷம் பிழை தேடித் தேடிப் பழகிய கண்ணை எந்த அலுவலகமும் வாசலிலே நிறுத்திப் பிடுங்கிக்கொள்ள முடியாது. மகன் வேலை போய் வீட்டுக்கு வந்தால், “உன் வாழ்க்கையே போச்சே”ன்னு ஒப்பாரி வைக்காதீங்க தாயே. போனது அட்டை.

அதற்கு ஒரு ஆளைக் காட்டுகிறேன். மலேசியாவிலே முரசு நெடுமாறன் என்று ஒரு கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தொகுத்துக் களஞ்சியமாகத் தந்தவர். அவருடைய மகன் முத்து நெடுமாறன், கணினிப் பொறியாளர். அப்பா கவிதைகளைச் சேர்த்தார். மகன் அந்தக் கவிதைகளை எழுதுகிற எழுத்தையே கணினியில் ஏற்றப் போனார். 1985-லே ஆரம்பித்தார். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் அப்படி வந்தது. 2005 பொங்கலுக்குக் கைப்பேசியிலே தமிழ் எழுதச் செல்லினம் வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலே ஒரே தொழில்!

அது என்ன பெரிய தொழில் என்கிறீர்களா? ‘கொ’ என்று எழுதுங்கள். நீங்கள் முதலிலே ‘க’ அடிக்கிறீர்கள். அப்புறம் ஒகரம் அடிக்கிறீர்கள். என்ன நடக்கணும்? பின்னாலே வந்த அந்த ஒகரம் இரண்டாகப் பிளந்து, கொம்பு மட்டும் ஓடிப் போய்க் ‘க’வுக்கு முன்னாலே நிற்கணும், கால் பின்னாலேயே நிற்கணும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்! ஆங்கிலக்காரன் எழுத்திலே இந்தக் கூத்து கிடையாது. அவன் எழுத்து ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன் பின்னாலே ஒன்று நிற்கும். நம்ம எழுத்து வரிசையிலே நிற்குமா? முன்னாலே போய் இடம் பிடிக்கும். (சிரிப்பு) இதையெல்லாம் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க ஒருத்தர் உட்காரணும். ‘ழ’வின் சுழி எவ்வளவு வளையணும், சின்னத் திரையிலே ‘ண’வும் ‘ன’வும் பாட்டி கண்ணுக்குத் தனித் தனியாகத் தெரியுமா என்று பார்க்கணும். இது ஆராய்ச்சி என்று அந்த அணி கை நீட்டும், படைப்பு என்று இந்த அணி கை நீட்டும். நீட்டட்டும். தினம் காலையிலே உட்கார்ந்து இதைச் செய்ததற்கு எங்கள் ஊரிலே பெயர் வேலை.

ஆப்பிள் கம்பெனியின் கைப்பேசி வைத்திருக்கிற இளைஞர்கள் யாராவது இங்கே இருந்தால் கேளுங்கள். அந்தக் கருவிகளிலே இருக்கிற ஒரு தமிழ் எழுத்துருவுக்குப் பெயர் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ அந்த எம்.என். யார் தெரியுமா? முத்து நெடுமாறன்! முழுப் பெயர்கூட இல்லை, இரண்டே எழுத்து. அந்த எழுத்திலேதான் பிள்ளை, “அம்மா, சாப்பிட்டியா?” என்று அனுப்புகிறான். இங்கே ராயகிரியிலே அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். எழுத்து யார் செய்தது என்று அவள் பார்க்கவில்லை. பிள்ளை சொன்னது தெரிகிறது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் அடித்தே விடுவார். அவருடைய தொழிலிலே நான் குறுக்கிடக் கூடாது. (சிரிப்பு) (கைதட்டல்)